கடலோர வீட்டுல போட்டோ மாட்டுறது: பிரேமுக்கு முன்னால பாக்க வேண்டியது

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். குளச்சல்ல கடல்ல இருந்து நடக்குற தூரத்துல புதுசா வீடு கட்டியாச்சு, ஹால்ல ஒரு பெரிய சுவர் சும்மா கிடக்கு, குடும்ப போட்டோ பத்து பன்னெண்டு மாட்டணும். அதுல தாத்தா பாட்டியோட பழைய கருப்பு வெள்ளை படம் ஒண்ணு கண்ணாடியோட ஒட்டிப் பிடிச்சு கிடக்கு, அப்பா அம்மா கல்யாணப் படத்தை லேமினேஷன் பண்ணினது ஓரமெல்லாம் பொங்கிருச்சு. அதனால இனி போடுறதுக்கு தேக்கு பிரேம் நல்லதா ஃபைபர் நல்லதான்னு கேக்காரு. கேள்வி பிரேமைப் பத்தின மாதிரி இருந்தாலும் மனசுல உள்ளது வேறன்னு நினைக்கேன். போன தடவை போட்டதெல்லாம் ஏன் கெட்டுச்சு, இப்ப போடுறதாவது பிள்ளைங்க காலம் வரை நிக்குமா, அதுதானே? நான் நாகர்கோவில்ல ஸ்டுடியோ டார்க்ரூம்ல தொழில் படிச்சு அப்புறம் பிரேம் கட்டுற பக்கம் வந்தவன். அந்த அனுபவத்துல சொல்லுதேன், எது நிச்சயம் எது சந்தேகம்னு பிரிச்சே சொல்லுதேன்.

நிச்சயமானதுல இருந்து ஆரம்பிக்கலாம். போட்டோ பேப்பர்ல படம் நிக்குற அந்த மெல்லிய படலம் ஜெலட்டின், மாட்டு எலும்பு தோல்ல இருந்து காய்ச்சி எடுக்குற சாமான். அந்தக் காலத்து கருப்பு வெள்ளையும் சரி, இப்ப லேப் மெஷின்ல கழுவி வர்ற கலர் பிரிண்டும் சரி, ரெண்டுலயும் அதேதான். ஈரம் பட்டா ஊதும், பிசுபிசுக்கும், எதிர்ல கண்ணாடி இருந்தா அதுல போய் அப்பிக்கும், காஞ்சா அப்படியே பிடிச்சுக்கும். பூஞ்சைக்கு அது நல்ல சாப்பாடு வேற. காத்துல ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல விடாம நின்னா பூஞ்சை கிளம்பிரும், நமக்கோ ஜூன்ல தென்மேற்கு அக்டோபர்ல வடகிழக்குன்னு ரெண்டு மழையும் உண்டு, கடற்கரை ஊர்ல காலையில 80 தாண்டுறதெல்லாம் சாதாரணம். போதாக்குறைக்கு உப்பு. சாதா உப்பு 75 சதவீதம் ஈரப்பதம் தாண்டினா காத்துல உள்ள தண்ணிய இழுத்து தானே கரைய ஆரம்பிச்சிரும், அப்ப கண்ணாடி ஓரத்துலயும் ஆணியிலயும் பிரேம் முதுகுலயும் உக்காந்திருக்க உப்புத்தூசி ராத்திரி ராத்திரி நனையுதுன்னு அர்த்தம். ஆரல்வாய்மொழி மாதிரி காத்து அடிச்சு காயுற ஊர்ல வருஷக்கணக்கா நிக்குற அதே பிரேம் முட்டத்துலயும் குளச்சல்லயும் தேங்காப்பட்டணத்துலயும் நிக்காது. இதுக்கு கடைக்காரரை மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

பழைய படம் ஒண்ணை குப்புறப் போட்டு பிரிச்சுப் பாத்தா பாதி பதில் அங்கேயே இருக்கும். மேல பிரவுன் பேப்பர், ராமபாணப் பூச்சி அரிச்ச ஓட்டையோட. அதுக்கடியில குட்டி குட்டி ஆணி, எல்லாம் துரு, ஆணி நின்ன இடத்துலயெல்லாம் காவி வட்டம். அப்புறம் ஒரு மரப்பலகை இல்லன்னா மடிச்சு வச்ச நியூஸ் பேப்பர். பலகையை எடுத்துட்டு படத்தோட பின்பக்கத்தைப் பாத்தீங்கன்னா பலகையில கணு எந்த இடத்துல இருந்துச்சோ அதே வடிவத்துல பழுப்பா ஒரு கறை, மரத்துல இருந்து இறங்கின அமிலம் அச்சு எடுத்த மாதிரி பதிஞ்சிருக்கும். முன்பக்கம் படம் நேரா கண்ணாடியில ஒட்டி நிக்கும், நடுவுல ஒரு நூல் இடைவெளி கூட கிடையாது. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் கட்டினாங்க, இப்பவும் பாதிக் கடையில அப்படித்தான் கட்டுதாங்க, பலகைக்குப் பதிலா மரத்தூளை அமுக்கிச் செஞ்ச எம்.டி.எஃப் பலகை, அவ்வளவுதான் வித்தியாசம், அதுவும் அமிலம் விடுற சாமான்தான்.

ஆக முதல் வேலை, படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. அதுக்குத்தான் மேட், கடையில மவுண்ட்னும் சொல்லுவாங்க, நடுவுல ஜன்னல் வெட்டின அந்த வெள்ளை அட்டை. அழகுக்குன்னு எல்லாரும் நினைக்காங்க, அழகு இலவசம், நிஜ வேலை கண்ணாடியை தூக்கிப் பிடிக்கிறது. சுமாரா ஒன்றரை மில்லி கனம் இருந்தா சின்னப் படத்துக்குப் போதும். 12க்கு 18 மாதிரி பெரிய பிரிண்ட்னா மழைக்காலத்துல பேப்பர் அலை அலையா நெளியும், நெளிஞ்சு நடுவுல போய் கண்ணாடியைத் தொட்டுரும், அதனால பிரேம் ஓரத்துல உள்ளுக்குள்ள மூணு நாலு மில்லிக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை ஸ்பேசரா வைக்கச் சொல்லுங்க. அட்டை அமிலம் இல்லாததா இருக்கணும். கடையில அதைக் கேட்டா சிலர் முழிப்பாங்க, அப்ப பழைய அட்டைத்துண்டு ஒண்ணு காட்டச் சொல்லி வெட்டின சாய்வு ஓரத்தைப் பாருங்க, பழுப்பு ஏறியிருந்தா அது வேண்டாம். படத்தை அட்டையில ஃபெவிகால் போட்டோ டபுள் சைடு டேப் போட்டோ ஒட்ட விடாதீங்க, நாலு மூலைக்கும் முக்கோணமா காயித மூலை மடிச்சு அதுல சொருகினா போதும், கொஞ்சம் தளர்வா, ஈரத்துல பேப்பர் விரியும்போது போக இடம் வேணும்ல.

பின்பக்கத்தை டேப் போட்டு இறுக்கி மூடணுமா, காத்து போக விடணுமாங்கறதுதான் தொழில்காரங்களே ஒத்துப்போகாத விஷயம். மியூசியத்துல சுத்தி டேப் போட்டு சீல் பண்ணுதாங்க, வெளியில ஈரம் ஏறி இறங்குறது உள்ள மெதுவாத்தான் எட்டும், பூச்சியும் போகாது, காரணம் சரிதான். ஆனா அவங்க ஏசி ஹால்ல காஞ்ச சாமானை காஞ்ச நாள்ல மூடுதாங்க. நாம ஆடி மாசம் மழையில ஈரம் குடிச்ச அட்டையை வச்சு மூடினா ஈரத்தையும் சேத்துத்தான் பூட்டி வைக்கோம். என் வழக்கம், மார்ச் ஏப்ரல்ல நல்ல வெயில் நாள்ல அட்டை, பின்னால வைக்குற பலகை, பிரிண்ட் எல்லாத்தையும் ஒரு நாள் ஃபேன் அடியில போட்டுட்டு அப்புறம்தான் மூடுவேன், மழைக்காலத்துல ஆர்டர் வந்தா டேப்பைத் தளர்வா விட்டுட்டு கோடையில வந்து மூடிக்கிடுங்கன்னு சொல்லிருவேன். இதை விதின்னு எடுத்துக்காதீங்க, என் கை வழக்கம். உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுத் தாங்கன்னு கேக்குதாங்க, காத்துப்புகாத பெட்டி இல்லாத இடத்துல அது சீக்கிரமே நிரம்பி சும்மா கிடக்கும், பிரேமுக்குள்ள அதுக்கு வேலை இல்ல. நாப்தலின் உருண்டை வைக்கவே வைக்காதீங்க.

இப்ப தேக்கா ஃபைபரா. கடையில ஃபைபர்னு சொல்லுறது முக்காவாசி பாலிஸ்டைரீன் பீடிங் (பிரேமுக்கு வெட்டுற நீளப் பட்டை), பிளாஸ்டிக்தான். கறையான் தொடாது, உப்புக்கு ஒண்ணும் ஆகாது, ஈரத்துல ஊதாது, வெயில் நேரா அடிச்சா மட்டும் நிறம் மங்கும், நொறுங்கும். நல்ல தேக்கு வைரம் பாஞ்சதுன்னா அதுவும் நல்லாவே நிக்கும், அயினி, பலா கூட நிக்கும், நம்ம பழைய வீட்டு நிலை கதவெல்லாம் என்ன மரம்? ஆனா கடையில தேக்குன்னு விக்குற மெல்லிய பீடிங் பல நேரம் வேற மரத்துக்கு மேல தேக்கு நிற ஸ்டிக்கரு, இல்லன்னா மருந்து சரியா ஏத்தாத ரப்பர் மரம். குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் மலிவாக் கிடைக்கேன்னு எடுத்தா, பக்குவம் பண்ணாததுல வண்டு துளைச்சு கீழ மாவு கொட்டும், பூஞ்சையும் முதல்ல அதுலதான் கருக்கும். குளச்சல்ல கடலோர வீடுன்னா பன்னெண்டு படத்துக்கும் நான் ஃபைபர்தான் எடுப்பேன், மிச்ச காசை நல்ல அட்டைக்கும் கண்ணாடிக்கும் போடுவேன். இடிச்ச பழைய வீட்டு மரம் ஏதாவது கிடந்தா தாத்தா படத்துக்கு மட்டும் ஆசாரிகிட்ட குடுத்து பட்டை இழைக்கலாம், உள்காடியில, அதாவது கண்ணாடியும் அட்டையும் உக்காருற பள்ளத்துல, அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டச் சொல்லுங்க, மரத்தோட அமிலம் அட்டைக்கு வராது. கொளுவி, ஸ்க்ரூ, கம்பி எல்லாம் ஸ்டெயின்லெஸ் இல்ல பித்தளை, சாதா இரும்பு வச்சா அந்த ஊர்ல படம் எல்லாம் ஒருநாள் தானே இறங்கி வரும்.

லேமினேஷன் பத்தி எனக்கு கொஞ்சம் கோபம் உண்டு, அதையும் சொல்லிருதேன். எம்.டி.எஃப் பலகையில பிரிண்டை ஒட்டி மேல சூடா ஒரு படலம் அழுத்தி, ஓரம் கருப்படிச்சு குடுப்பாங்கல்ல, நம்ம பக்கம் கல்யாணம், புதுநன்மை எல்லாத்துக்கும் அதுதான். மலிவு, கண்ணாடி உடையுற பயம் இல்ல, எல்லாம் சரி. ஆனா எம்.டி.எஃப் மரத்தூள் அமுக்கின சாமான், ஓரத்து வழியா ஈரம் குடிச்சு ஊதும், ஊதினா மேல உள்ள படலம் கிழிஞ்சு பொங்கும், உங்க வீட்டுல நடந்தது அதுதான். பொங்கினதை அயர்ன் பண்ணி அமுக்குதேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சாஃப்ட் காப்பி கையில இருக்க படத்தை லேமினேட் பண்ணுங்க, கெட்டா இன்னொண்ணு போடலாம். ஒரே ஒரு பிரிண்ட்தான் உலகத்துல இருக்குன்னா அதுல லேமினேஷன் ஏத்தினா திரும்ப எடுக்க வழியே கிடையாது. உங்க கல்யாணப் படத்துக்கு நெகட்டிவ் ஆல்பத்துல எங்கயாவது செருகியிருக்கான்னு முதல்ல தேடுங்க, கிடைச்சா அதை ஸ்கேன் பண்ணி புதுசா போடுறதுதான் சுத்தம். 80கள்ல எடுத்த கலர் படம் பலதும் செவந்து போயிருக்கும், அந்தக் கால கலர் பேப்பர்ல நீலப்பச்சைச் சாயம் இருட்டுல வச்சிருந்தாலே, சூட்டுலயே, தானே மங்கிரும், செவப்பு மட்டும் மிஞ்சும். ஸ்கேன் பண்ணினா கம்ப்யூட்டர்ல நிறத்தை ஓரளவு திரும்பக் கொண்டுவரலாம்.

புதுசா பிரிண்ட் எடுக்கும்போது வாட்ஸ்அப்ல வந்த படத்தை அப்படியே பெருசு பண்ணாதீங்க, அது சுருங்கித்தான் வரும், டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. கிட்ட நின்னு பாக்குற சைஸுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல், 12க்கு 18னா 3600க்கு 5400. சோபாவுக்கு மேல ஆறடி தள்ளி நின்னு பாக்குறதுன்னா 150 போதும், சும்மா பயப்பட வேண்டாம். லேப்ல கழுவின பிரிண்ட் நம்பகமானது. இங்க்ஜெட்னா பிக்மெண்ட் மையான்னு (நிறம் நுண்ணிய பொடியா இருக்க மை) கேளுங்க, டை மை, அதாவது கரைஞ்ச சாயம், கடலோர ஈரத்துல கசிஞ்சு நிறம் ஒண்ணோட ஒண்ணு கலங்கும், வெளிச்சத்துலயும் சீக்கிரம் வெளிறும். 100 வருஷம் நிக்கும்னு பெட்டியில போட்டிருக்கதை பாதி நம்பினா போதும், அந்த மாதிரி கணக்கெல்லாம் 24 டிகிரி சூடு, 60 சதவீத ஈரம்னு வச்சு வேகப்படுத்திப் பாத்து நீட்டின கணக்கு, நம்ம ஹால் அப்படியா இருக்கு. இன்னின்ன மை இன்னின்னதை விட நிக்கும்னு ஒப்பிட மட்டும் அது உதவும்.

சுவருக்கு வரேன். புது வீடுன்னு சொன்னீங்க, அப்ப அவசரப்படாதீங்க. சிமெண்ட் பூச்சு மாசக்கணக்கா ஈரம் விடும், எனாமல் பெயிண்ட் வாசனை போறதுக்கே நாளாகும், அதுல இருந்து வர்ற ஆவி கருப்பு வெள்ளை படத்துல உள்ள வெள்ளியைத் தாக்கும், பெயிண்ட் அடிச்சு ஒரு மாசமாவது விடுங்க, முடிஞ்சா ஒரு கோடை தாண்டட்டும். மழைச்சாரல் அடிக்குற வெளிச்சுவரோட உள்பக்கம் வேண்டாம், ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல உள்ள சுவர்தான் சரி. பாத்ரூம் முதுகுல உள்ள சுவரும் வேண்டாம், ஓதம் ஏறும். எங்க மாட்டினாலும் பிரேமோட கீழ்மூலை ரெண்டுலயும் ஒரு ரப்பர் பொட்டு ஒட்டுங்க, படத்துக்கும் சுவருக்கும் நடுவுல காத்து ஓடணும், பிரேம் சுவரோட அப்பி நின்னா பல்லி குடும்பம் நடத்தும், அதுக்குப் பின்னாலதான் முதல் பூஞ்சை வரும். ஒட்டுற ஸ்ட்ரிப் டிஸ்டம்பர் சுவர்ல பெயிண்டோட உரிஞ்சு வரும், டிரில் போட்டு பிளக் வச்சு ஸ்க்ரூ அடிச்சிருங்க. உயரம், படத்தோட நடு தரையில இருந்து நாலே முக்கால் அஞ்சு அடி, கண்ணு மட்டம். நம்ம வீடுகள்ல லிண்டலுக்கு மேல கூரையைப் பாத்து மாட்டுற பழக்கம் உண்டு, கழுத்து வலிக்கும். பன்னெண்டையும் முதல்ல தரையில பரப்பி ஒழுங்கு பண்ணிட்டு, பழைய பேப்பர்ல அளவு வெட்டி சுவர்ல ஒட்டிப் பாத்துட்டு அப்புறம் துளை போடுங்க, ரசமட்டம் வச்சு.

வெளிச்சம். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் கூடவே கூடாது, சாயங்கால வெயில் தாழ வந்து நேரா படத்துல அடிக்கும். வடக்கு ஜன்னல் பாதுகாப்புன்னு புத்தகத்துல எழுதியிருக்கும், அது குளிர் நாட்டுக்காரங்க எழுதினது, நம்ம ஊர் 8 டிகிரியில இருக்கு, ஏப்ரல் நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி வெயிலே வடக்கால சாஞ்சுதான் போகும். பத்மநாபபுரம் அரண்மனையில மரச்சட்டம் போட்ட ஜன்னல் வழியா வெளிச்சம் எப்படி வடிஞ்சு வருதுன்னு பாத்திருப்பீங்கல்ல, படத்துக்கு அந்த அளவு வெளிச்சம் நல்லது, வீட்டுல ஒரு திரை போட்டா அது நடக்கும். சாதா கண்ணாடி புற ஊதாக்கதிர்ல ஒரு பகுதியைத்தான் தடுக்கும், யூவி தடுக்குற அக்ரிலிக் ரொம்ப நல்லா தடுக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமும் நிறத்தைத் தின்னும், அதைத் தடுத்தா படமே தெரியாது. அதனால யூவி அக்ரிலிக்னு சொல்லி வெயில்ல மாட்டிராதீங்க. இறந்தவங்க படத்துக்கு சீரியல் பல்பு போடுறவங்க கண்ணாடிக்கு வெளியில கொஞ்சம் தள்ளிப் போடுங்க, சந்தனம் குங்குமம் கண்ணாடி மேலயே நிக்கட்டும், வழிஞ்சு பிரேம் காடிக்குள்ள இறங்க விடாதீங்க. கண்ணாடி துடைக்க தண்ணிய கண்ணாடியில அடிக்காம துணியில நனைச்சுத் துடைங்க.

இனி தாத்தா பாட்டி படம். கண்ணாடியில ஒட்டினதை உரிக்காதீங்க, ஊதி ஊதி கத்தி விட்டுப் பாக்காதீங்க, யூடியூப்ல தண்ணியில ஊறப்போடுறதைக் காட்டுவாங்க, சில கருப்பு வெள்ளை பிரிண்ட் அதுல பிரியும்ங்கறது உண்மைதான், ஆனா கையால கலர் ஏத்தினதா இருந்தா கன்னத்து ரோஸ் கலரெல்லாம் கரைஞ்சு போகும், பூஞ்சை தின்ன ஜெலட்டின்னா படமே வழிஞ்சிரும், எது எதுன்னு வீட்டுல இருந்து தீர்மானிக்க முடியாது. ஒட்டினதை பிரிக்குறது என் தொழிலும் இல்ல, அதுக்குன்னு கன்சர்வேஷன், அதாவது பழைய சாமானைக் கெடாம காப்பாத்துற வேலை, படிச்சவங்க இருக்காங்க, அவங்க கையில போறது வரைக்கும் கண்ணாடி உடையாம இருக்கட்டும், அது இப்ப படத்தோட ஒரு பாகம். கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணலாம். ஒரு விஷயம் கவனிங்க, வீட்டு ஆல் இன் ஒன் பிரிண்டர்ல வர்ற ஸ்கேனர் முக்காவாசி சி.ஐ.எஸ் வகை, அது தன் கண்ணாடியைத் தொட்டு இருக்கதை மட்டும்தான் கூர்மையா எடுக்கும், ரெண்டு மூணு மில்லி கண்ணாடிக்கு மேல இருக்க படம் மங்கும். கொஞ்சம் தள்ளி இருக்கதையும் கூர்மையா எடுக்குற சி.சி.டி வகை ஸ்கேனர் உள்ள கடையாப் பாத்து 600 டிபிஐயில (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்க. கிடைக்கலன்னா படத்தை சுவர்ல சாச்சு, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில ஒவ்வொரு லைட், கேமராவுக்குப் பின்னால ஒரு கருப்புத் துணி, ட்ரைபாட் போட்டு நேரா எடுத்தா கண்ணாடியில பிரதிபலிப்பு விழாது. பூஞ்சை வெள்ளை வெள்ளையா மேல தெரிஞ்சா நனைஞ்ச துணி வைக்காதீங்க, காஞ்ச இடத்துல நல்லா காய விட்டு, வெளியில வச்சு மூக்கைக் கட்டிக்கிட்டு மிருதுவான பிரஷ்ல தட்டுனா போதும்.

அந்த காப்பியை பிரிண்ட் போட்டு மாட்டுங்க, ஒரிஜினல் சுவருக்கே வேண்டாம். மத்த ஒரிஜினல் எல்லாம் ஒட்டுற பக்கம் உள்ள பழைய ஸ்டிக்கி ஆல்பத்துல இருந்தா வெளிய எடுங்க, பி.வி.சி கவரும் ஆகாது, அமிலம் இல்லாத காயித உறையில போட்டு ரப்பர் ஓரம் வச்ச காத்துப்புகாத பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க, சிலிக்கா ஜெல் இங்கதான் பிரயோஜனப்படும், நிறம் மாறுற வகை வாங்குங்க, நிறம் மாறினா வறுத்து திரும்ப வைக்கலாம். ரொம்பவும் போட்டு மொரமொரன்னு காய வச்சிரக்கூடாது, படம் சுருண்டு வெடிக்கும், உள்ள ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போட்டு 40, 50க்குள்ள நிக்குதான்னு பாத்துக்கிடுங்க. டப்பாவை பீரோவுல நடுத்தட்டுல வைங்க, பீரோ வெளிச்சுவரோட ஒட்டி நிக்க வேண்டாம்.

ஒண்ணு விட்டுப்போச்சு, கடலோரம்னா இது தெரிஞ்சிருக்கணும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல கூரை போன வீட்டுக்காரங்க நனைஞ்ச ஆல்பத்தை வெயில்ல காயப்போட்டாங்க, மொத்தமும் ஒரே கட்டியா ஒட்டிப்போச்சு. நனைஞ்ச போட்டோவை அடுக்கா காய விடவே கூடாது. ஈரமா இருக்கும்போதே ஒண்ணொண்ணா பைய பிரிச்சு, சேறு இருந்தா நல்ல தண்ணியில அலசி, படம் மேல பாக்க தனித்தனியா நிழல்ல பரப்புங்க. ரெண்டு நாளைக்குள்ள முடியலன்னா பூஞ்சை வந்திரும், அப்ப ஈரத்தோடவே பிளாஸ்டிக் கவர்ல சின்னச் சின்ன கட்டா போட்டு ஃப்ரீசர்ல வச்சிருங்க, சாவகாசமா கொஞ்சம் கொஞ்சமா எடுத்து பிரிக்கலாம், கண்ணாடி மேல எடுத்த பழங்கால நெகட்டிவ் பிளேட்டை மட்டும் அப்படி வைக்காதீங்க. ஃப்ரீசர்ல மீன் இருந்தா கவரை ரெண்டா போட்டு இறுக்கிக் கட்டிக்கிடுங்க.